எர்த்து கேக்காத கேபிள்

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் காரின் சார்ஜர் கேபிளில் சிவப்பு விளக்கு எரிந்தது. கேபிளின் நடுவில் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். கேபிளின் ஒரு முனை சுவரில் உள்ள பெரிய பிளக்கில், மறு முனை காரில். பெட்டியில் பச்சை எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது, சிவப்பு எரிந்தால் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று தெரிய வேண்டுமானால், சிவப்பு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி, காரோடு தந்த கையேட்டில் தேட வேண்டும். நான் எண்ணவில்லை. செய்தித்தாளுக்குத் தாலுகா நிருபராக இருந்த காலமெல்லாம் எதையும் எண்ணிப் பார்த்து எழுது என்று மற்றவர்களைத் திட்டியவன், கையேடு எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

கார் என் மனைவியுடையது. எனக்கு ஓட்டத் தெரியாது. மேல்சித்தாமூர் தாண்டி ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அவள் ஆசிரியை. பேருந்தில் போனால் முதன்மைச் சாலையில் இறங்கி வெயிலில் நடக்க வேண்டும். அந்த நடையை இருபது வருடம் நடந்து முழங்கால் தேய்ந்த பிறகு, முந்தைய ஐப்பசியில், பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினாள். மழைக்காலம் முழுக்கப் பச்சை விளக்குதான். தை, மாசி வரை ஒரு குறையும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். தெரு முனையில்தான் அவன் வீடு. எட்டு மணிக்குள் வந்துவிட்டான். பிளக்கை முகர்ந்து பார்த்தான், பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"கேபிள் போச்சுண்ணே. உள்ள ஒரு போர்டு இருக்குது, அதான் நடிக்குது. அத பைபாஸ் பண்ணிட்டா ஒயரு நேரா போயிடும்."

"பாத்துப்பா, அது வெறும் ஒயரு இல்ல" என்றாள் மனைவி.

"டீச்சர், ஒலகத்துல எல்லாமே ஒயருதான்."

பெட்டியை நெம்பித் திறந்தான். பத்து நிமிடத்தில் சிவப்பும் போய்விட்டது. பிறகு எந்த விளக்கும் வரவில்லை.

"இன்னாப்பா ஆச்சு?"

"செத்துடுச்சு டீச்சர்."

"நீதான் கொன்ன."

"அது ஏற்கெனவே சீக்காளி டீச்சர். என் கைல வந்து உசுர வுட்டுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

விழுப்புரத்தில் கார் விற்பனையகத்துக்குப் போன் செய்தேன். கேபிள் வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று நானே முடிவு செய்து, செஞ்சி பஜாரில் உள்ள மின்சாமான் கடைக்குப் போனேன். முன்பு கிணற்று மோட்டாருக்குச் சாமான் விற்ற கடை அது. இப்போது பாதிச் சுவரில் மின்சார ஸ்கூட்டர், கார் சாமான்கள் தொங்குகின்றன. எங்கள் காருக்குப் பொருந்துகிற கேபிள் இரண்டு வகை இருந்தது. கடைக்காரர் இரண்டையும் கண்ணாடி மேசைமேல் போட்டார். ஒன்று தடிமனாக, கனமாக இருந்தது. மற்றொன்று மெல்லியது, சுருட்டினால் சுலபமாகச் சுருண்டது.

"இது நல்ல சரக்குதான் சார்" என்று தடித்ததைக் காட்டினார். "ஆனா நொச்சு. மாமியாக்காரி மாதிரி ஒண்ணொண்ணுக்கும் செவப்பு போடும். எர்த்து கேக்கும்."

"அது?"

"இது தங்கமான மருமக. எர்த்து கேக்காது. எப்பிடி குடுத்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கும். நம்ம ஊர்ல இதான் ஓடுது. பாறை மேல குந்தினு இருக்கற ஊர்ல எந்த ஊட்ல சார் எர்த்து இருக்குது?"

"எங்க வீட்ல இருக்குது."

"அப்ப பிரச்சினையே இல்லையே சார். எது எடுத்தாலும் ஒண்ணுதான்."

இதில் உள்ள ஓட்டையை யாரும் கண்டுபிடிக்கலாம். எர்த், அதாவது கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற இணைப்பு, உள்ள வீட்டில் எர்த் கேட்கிற கேபிள் சிவப்பு போட வேண்டிய அவசியமே இல்லை. என் வீட்டில் சிவப்பு எரிந்திருக்கிறது. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கடையிலேயே எனக்கு விஷயம் விளங்கியிருக்கும். நான் வேறு எல்லாவற்றையும் பார்த்தேன். மெல்லிய கேபிளின் அட்டைப் பெட்டியில் தயாரித்தவர் முகவரி இல்லை என்பதைப் பார்த்தேன். ஆம்பியர் எழுதிய ஸ்டிக்கர் ஒரு ஓரம் உரிந்திருந்ததைப் பார்த்தேன். கேபிளின் நடுவில் உள்ள பெட்டியின் மூடியில் திருகாணிக்குத் துளை இருந்தது, திருகாணி இல்லை. இத்தனையும் பார்த்துவிட்டு அதைத்தான் வாங்கினேன். காலையில் அவள் சுருட்டி எடுத்து வைக்கச் சுலபமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று உண்டு. உண்மையான காரணம், அன்றே பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

அன்றே பார்த்தேன். செருகின உடனே பச்சை.

வியாழக்கிழமை காலை மனைவி வாசலுக்குத் தண்ணீர் தெளித்தாள். கார் இரவு முழுக்கச் செருகியபடி வாசலில் நின்றது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, உள்ளே இருந்த நோட்டுக் கட்டை எடுக்கக் கதவைத் திறந்தவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னா?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. கதவு சுர்ருனுச்சு."

எறும்பு கடித்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். எங்கள் பக்கத்தில் இதற்கு இரண்டு தரம் உண்டு. கரண்ட் அடித்தது என்றால் கீழே விழ வேண்டும், நாலு பேர் ஓடி வர வேண்டும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சுர்ரு. கிரைண்டர் சுர்ருனும், வாஷிங் மிஷின் சுர்ருனும், மோட்டார் பெட்டி சுர்ருனும். சுர்ருக்கு யாரும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட மாட்டார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு தொடுவார்கள். ஒரு ஊரே ஆபத்துக்குச் செல்லப்பெயர் வைத்துக் கூடவே வாழ்கிறது.

டெஸ்டரை எடுத்துவந்து கதவைப் பூட்டும் இரும்பு நாக்கில் வைத்தேன். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. டிக்கியின் கீலில் வைத்தேன், எரிந்தது. சக்கரத்தின் போல்ட்டில் வைத்தேன், அங்கும் எரிந்தது. சுவர் சுவிட்சை அணைத்தேன். எங்கு வைத்தாலும் எரியவில்லை.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன்.

"வண்டி பூரா கரண்ட் இருக்குதுப்பா."

"அடிச்சுதாண்ணே?"

"சுர்ருனுச்சாம்."

"சுர்ருதானே? அது கரண்டு இல்லண்ணே, லீக்கு. டீச்சர செருப்பு போட்டுக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டேன். காரணம் அவன் மட்டும் அல்ல. இந்தத் தாலுகாவிலிருந்து நான் அனுப்பிய செய்திகளில் 'மின்சாரம் தாக்கி பலி' என்ற தலைப்பு எத்தனை முறை போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. மோட்டார் போடப் போன விவசாயி, ஈரத் துணி காயப்போட்ட பெண், கிரைண்டரைத் தொட்ட மாவுக்கடைக்காரர். நாலு வரி. பெயர், வயது, ஊர், காவல் நிலையம் வழக்குப் பதிவு. எல்லாவற்றிலும் எழுவாய் மின்சாரம்தான். மின்சாரம் தாக்கியது. புலி அடித்ததுபோல, இடி விழுந்ததுபோல. எர்த் கம்பியை வெட்டியவன் அந்த வாக்கியத்துக்குள் வரமாட்டான். எர்த் இல்லாத சாமானை விற்றவன் வரமாட்டான். அவர்கள் வராதபடி எழுதியவன் நான். அந்த நாலு வரியில் ஐந்தாவது வரி ஒன்று எப்போதும் விடுபட்டிருந்தது என்பது, என் மனைவியின் பெயரும் வயதும் அதில் எப்படிப் பொருந்தும் என்று மனம் தானாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அவள் அன்று பேருந்தில் போனாள். போகுமுன் கார் டிராயரிலிருந்து கையேட்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

"திங்கட்கிழம செவப்பு நாலு நாலா மினுக்குச்சு. நான் அன்னிக்கே சொன்னேன். நீங்க காது குடுத்தாத்தானே?"

நான்கு முறை மினுக்கினால் எர்த் இணைப்பு இல்லை என்று கையேட்டில் இருந்தது. கேபிள் பழுது என்று இல்லை. கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வீட்டைப் பற்றி உண்மை சொன்னது. அதற்காக அதைத் திறந்து கொன்றோம். பிறகு, உண்மை சொல்லாத ஒன்றைத் தேடி வாங்கி வந்தோம்.

பத்து மணி வெயிலில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டின் வலப்பக்கம் போனேன். மீட்டருக்குக் கீழே எர்த் குழி இருக்கிறது. மேலே ஒரு சிமெண்ட் மூடி. வீடு கட்டியபோது இந்தக் குழிக்கு உப்பும் கரியும் மூட்டை மூட்டையாக வாங்கிக் கொடுத்தேன். எட்டடிக் குழாய் இறக்கியதாக எலக்ட்ரீஷியன் சொன்னான். நான் அன்று பக்கத்தில் இல்லை, ஏதோ ஒரு ஆர்ப்பாட்டத்தைப் பற்றி எழுதப் போயிருந்தேன். மூடியை நெம்பினேன். மண் புழுதியாக, சூடாக இருந்தது. குழாயின் தலையைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. இன்னும் கொஞ்சம் ஆட்டி இழுத்தேன். முள்ளங்கி பிடுங்குவதுபோல் கையோடு வந்துவிட்டது. ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒன்றே முக்கால் அடி. அடிமுனை ரம்பத்தால் நேராக அறுக்கப்பட்டிருந்தது. குழிக்குள் கடப்பாரையை விட்டேன். ணங் என்று பாறையில் பட்டது.

மழைக்காலத்தில் பச்சை எரிந்ததன் காரணமும் அதில் இருந்தது. அந்த ஒன்றே முக்கால் அடி மண் ஈரமாக இருந்தவரை பெட்டி எப்படியோ ஒத்துக்கொண்டது. மண் காய்ந்ததும் மறுத்துவிட்டது.

எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். வந்ததும் குழாயை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. பழைய சினேகிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"பாறைண்ணே. நான் இன்னா பண்றது? ரெண்டடிக்கு மேல எறங்கல."

"எட்டடி எறக்குனேன்னு சொன்னியே?"

"எட்டடி குழாதான் வாங்குனேன். மீதி எறங்கல, அறுத்துட்டேன்."

"அத என்கிட்ட சொன்னியா?"

"நீ ஊர்லயே இல்லயேண்ணே." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அதுவும் இல்லாம, பாறையும் பூமிதானே? மலையே பூமிலதான் நிக்குது. எர்த்துன்னா பூமி. இதுல தப்பு இன்னா இருக்குது?"

அவன் கிண்டல் செய்யவில்லை. நம்பிச் சொன்னான். எர்த் என்றால் பூமி, பாறை பூமியில்தான் இருக்கிறது, ஆகவே பாறைமேல் குழாய் நின்றால் எர்த் ஆகிவிட்டது. செஞ்சியில் மலையடியில் வீடு கட்டிய எத்தனை பேருடைய குழிகளில் இந்தத் தர்க்கம் புதைந்து கிடக்கிறதோ தெரியாது. காய்ந்த கருங்கல் மின்சாரத்தை உள்வாங்காது, ஈரமண்தான் வாங்கும் என்று சொன்னேன். மதிலைத் தாண்டித் தெரிந்த மலையைப் பார்த்தான். அதைப் பார்த்து அவன் சொன்னது இது: "இவ்ளோ பெருசு, இத்தினியூண்டு லீக்க வாங்காதா?"

என் குரல் உயர்ந்தது. நான் பொதுவாகக் கத்துகிறவன் அல்ல. அவன் ஒயரிங் செய்த வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் ஒரு பெண் ஈரக் கையோடு கிரைண்டரையும் மோட்டார் சுவிட்சையும் தொட்டிருக்கிறாள் என்றேன். அவள் உயிரோடு இருப்பது அவன் வேலையின் சிறப்பு அல்ல என்றேன். அவன் குழாயைத் தரையில் வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான். பிறகு, "டீச்சருக்கு எதுனா ஆயிருந்தா நான் தெருவுல நடக்க முடியாதுண்ணே" என்றான். அதுவும் நம்பித்தான் சொன்னான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப இன்னா பண்ணலாம்?" என்றேன்.

"பின்னால பாத்ரூம் தண்ணி போற பக்கம் மண்ணு ஆழமா இருக்குதுண்ணே. அங்க வாழ மரம் நிக்குதுல்ல? அங்க எட்டடி எறங்கும். ஒயர இங்க வரைக்கும் இழுத்துடலாம்."

"இது அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் அப்ப பண்ணல?"

"மீட்டர் இந்தப் பக்கம் இருந்துது. இது கிட்டம்."

சனிக்கிழமை இரண்டு ஆட்களோடு வந்தான். வாழைக்கருகில் குழாய் இறங்கியது. நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் எண்ணினேன். மதியம் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டரை வைத்து அளந்து காட்டச் சொன்னேன். அந்த மீட்டர் அவனிடம் இல்லை, விழுப்புரத்திலிருந்து இரவல் வாங்கிவந்து ஞாயிறன்று அளந்து காட்டினான். ஒன்றரை நாள். பத்து வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தது ஒன்றரை நாள் வேலை.

திங்கட்கிழமை விழுப்புரம் விற்பனையகத்துக்கு நேரிலேயே போனேன். கேபிள் பிரிவில் இருந்தவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "எர்த் இல்லன்னா உங்க கேபிள் இன்னா பண்ணும்?"

"சார்ஜே ஆகாது சார்" என்றார் சங்கடத்தோடு. "அதுதான் நிறைய பேர் கம்ப்ளெயின்ட். கொஞ்சம் கண்டிப்பா இருக்கும்."

"அதையே வரவழைங்க" என்றேன்.

அது வந்து சேரும்வரை மனைவி பேருந்தில் போனாள். நடுவில் அமாவாசை வந்தது. எங்கள் தடத்துப் பேருந்து மேல்மலையனூர் கோயிலுக்குச் சிறப்புப் பேருந்தாகப் போய்விட்டதால், பாதி வழி ஷேர் ஆட்டோவில் போய், மீதியை நடந்து, முதல் மணி அடித்த பிறகு பள்ளிக்குள் நுழைந்தாள். சாயங்காலம் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டினாள். அந்தத் திட்டில் எலக்ட்ரீஷியனுக்குப் பங்கு கொடுக்கவில்லை. "அவனுக்குத் தெரியாது. படிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு இன்னா கேடு?" என்றாள்.

புதிய கேபிள் வந்தது. செருகினோம், பச்சை. டெஸ்டரைக் கதவு நாக்கிலும் கீலிலும் போல்ட்டிலும் வைத்தேன். எரியவில்லை. அவளே ஒருமுறை வாங்கி வைத்துப் பார்த்தாள். பிறகு பழைய மெல்லிய கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க, அந்தக் கடைக்கு" என்றாள்.

கடைக்காரர் நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். சண்டை போடவில்லை. "புடிக்கலன்னா திருப்பிக் குடுங்க டீச்சர், வேற எடுத்துக்கங்க. உங்களுக்கு இல்லாததா?" என்றார். கேபிளை வாங்கித் துணியால் துடைத்து, சுருட்டி, பழைய கொக்கியிலேயே மாட்டினார். அடுத்த ஆளுக்காக. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத மறுபடி விக்கப் போறீங்களா?" என்றேன்.

"கேக்கறாங்க சார், குடுக்கறேன். நானா அவங்க ஊட்டுக்குப் போயி மாட்டுறேன்?"

அப்போது கடையில் இன்னொருவர் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய மின்சாரக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறவர். அவர் கையில் அதே வகை மெல்லிய கேபிள், பிளக் முனை பழுப்பாக உருகியிருந்தது. அதற்கு மாற்றாக அதே மாதிரி ஒன்று கேட்டு வந்திருந்தார்.

"தம்பி, அது வேணாம்" என்றாள் மனைவி.

"இல்லக்கா, இது செட் ஆயிடுச்சு. எங்க ஊட்ல இதான் ஏறுது."

"வீடு சொந்தமா?"

"வாடகை வீடுக்கா. எர்த்துக்கெல்லாம் ஊட்டுக்காரரு குழி தோண்ட வுடுவாரா?"

"வண்டிய எங்க நிறுத்துற?"

"வாசல்லதான்."

"வாசல் தெளிக்கிறது யாரு?"

அவர் சிரித்தார். "இன்னாக்கா கேள்வி இது? வீட்டுல."

"உன் வீட்டுக்காரிக்குப் போன் போடு."

எதற்கு என்று கேட்டார். போடு என்றாள். வகுப்பறையில் பேசுகிற குரல் அது. அந்தக் குரலுக்கு நானே பல முறை எழுந்து நின்றிருக்கிறேன். அவர் போன் போட்டார். இவள் வாங்கி, ஸ்பீக்கரில் வைத்து, தான் யார், எந்தக் கடையில் நிற்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்: "சார்ஜ் ஏறும்போது வண்டிய தொட்டா கைக்கு எதுனா தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க்கா." அந்தப் பக்கத்துக் குரல் யோசிக்கவே இல்லை. "ஒரு மாசமா இழுக்குது. காலைல ஈரமா இருந்தா தோள் வரைக்கும் ஏறுது. இவருகிட்ட சொன்னா, உனக்கு ரத்தம் கம்மி, கீரை சாப்புடுங்கறாரு."

வாடகைக் கார்க்காரர் போனைப் பிடுங்கப் போனார். என் மனைவி போனோடு கையை உயர்த்திக்கொண்டாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. உருகிய முனையைப் பார்த்தார், கொக்கியில் தொங்கியதைப் பார்த்தார்.

"ஏன் என்கிட்ட தோள் வரைக்கும்னு சொல்லல?" என்றார் போனைப் பார்த்து.

"சொன்னேன். நீதான் கீரை வாங்கியாந்த."

பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, அத வித்தவரு அங்க இருக்காரா? அவருகிட்ட குடுங்க போன. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

மனைவி கண்ணாடி மேசைக்கு மேலாகப் போனை நீட்டினாள்.

"அலோ? கடைக்காரரா? அலோ?"

கடைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கொக்கியில் தொங்கிய கேபிள்களை ஒவ்வொன்றாக நேர்ப்படுத்தத் தொடங்கினார். மனைவி கையை இறக்கவில்லை. அந்தப் பெண்ணும் போனை வைக்கவில்லை.